கேள்வி இருக்கிறது, பட்டியல் எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு விஷயத்தைச் சந்தித்து விடுவார்கள். வெப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ‘அடுத்த ஆட்சி யாருக்கு?’ என்று கேள்வி. கீழே நான்கு வட்டங்கள். பிடித்த கட்சிக்கு நேரே மவுஸால் கிளிக் செய்தால் போதும். அடுத்த நொடியே வண்ணப் பட்டைகளில் முடிவு வந்துவிடும். ‘இதுவரை 48 ஆயிரம் பேர் வாக்களித்துள்ளனர்’ என்று கீழே ஒரு வரியும் இருக்கும். நமக்கும் ஏதோ ஜனநாயகக் கடமையைச் செய்து முடித்த திருப்தி!

அந்தத் திருப்தி எனக்கும் இருந்தது. அது எப்படி உடைந்தது என்பதைச் சொல்லிவிட்டு, பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

2021 ஏப்ரல் 6 அன்று புதுச்சேரி சட்டமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய மார்ச் மாதம் முழுவதும் நான் ஒரு கருத்துக்கணிப்புப் பெட்டியையும் விட்டு வைக்கவில்லை. செய்தித் தளங்கள், யூடியூப் சானல்கள், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்குகள் என்று எங்கே பார்த்தாலும் ஒரு கிளிக். எப்படியும் 20, 25 முறை ‘ஓட்டு’ப் போட்டிருப்பேன். தேர்தல் நாளன்று காலையில் மாஸ்க் போட்டுக்கொண்டு, வாக்காளர் அடையாள அட்டையோடு ரெட்டியார்பாளையத்தில் வீட்டருகே இருந்த வாக்குச்சாவடி வரிசையில் நின்றேன். அலுவலர் பட்டியலை மேலும் கீழும் இரண்டு முறை பார்த்தார். “சார், உங்க பேர் இதுல இல்லீங்களே” என்றார்.

முத்தியால்பேட்டையிலிருந்து ரெட்டியார்பாளையத்துக்கு வீடு மாறி மூன்று வருடம் ஆகியிருந்தது. முகவரி மாற்றத்துக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. கையில் அட்டை இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பழைய வாக்குச்சாவடிக்கு ஓடினேன். அங்கே ‘குடிபெயர்ந்தவர்’ என்று என் பெயரை நீக்கியிருந்தார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை. நான் குடிபெயர்ந்தவன்தானே! 25 ஓட்டுப் போட்ட எனக்கு, செல்லுபடியாகும் அந்த ஒரே ஓட்டு இல்லாமல் போனது.

அன்று வீடு திரும்பியபோதுதான் இந்த வித்தியாசம் மண்டையில் ஏறியது. வாக்குச்சாவடியில் முதலில் பட்டியல் இருக்கிறது, பிறகுதான் கேள்வி. வெப்சைட்டில் கேள்வி மட்டும் இருக்கிறது, பட்டியலே இல்லை. கருத்துக்கணிப்பு என்ற பெயரில் எது வந்தாலும் நாம் பார்க்க வேண்டியது இதைத்தான்: யாரிடம் கேட்டார்கள்? அந்தப் பட்டியல் எங்கே?

ஒரே ஆள், இருபது ஓட்டு

என் பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். வெப்சைட் ஓட்டைப் பற்றி நான் புலம்பியதும் சிரித்தான். “அங்கிள், அதுல நான் ஒருத்தனே இருபது ஓட்டுப் போட்டுக் காட்டட்டுமா?” என்றான். காட்டவும் செய்தான்.

அதன் சூட்சுமம் எளிது. நீங்கள் ஓட்டுப் போட்டதும் அந்த வெப்சைட், உங்கள் பிரவுசரில் ‘குக்கி’ என்ற ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைக்கிறது. மறுமுறை நீங்கள் போகும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து ‘இவர் ஏற்கெனவே போட்டவர்’ என்று தடுக்கிறது. பிரவுசர் செட்டிங்ஸில் போய்க் குக்கிகளை அழித்துவிட்டால் உங்களை அதற்கு அடையாளம் தெரியாது. இன்னொரு பிரவுசரில் போனாலும் நீங்கள் அதற்குப் புது ஆள்தான். சில தளங்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக ஐபி எண்ணையும் பார்க்கின்றன. அதற்கும் சுற்றுவழி உண்டு. ஆக, ‘48 ஆயிரம் பேர்’ என்பது 48 ஆயிரம் கிளிக். அது எத்தனை மனிதர்கள் என்று அந்தத் தளத்துக்கே தெரியாது.

சரி, ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று கறாராக வைத்துவிட்டால் நம்பலாமா? அப்போதும் முடியாது.

காந்தி வீதிச் சந்தையில் நூறு பேர்

ஞாயிற்றுக்கிழமை மாலை காந்தி வீதிச் சந்தையில் நின்று, எதிரே வரும் நூறு பேரிடம் ‘புதுச்சேரியில் யார் ஜெயிப்பார்கள்?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பலர் கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து துணி வாங்க வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது. கடற்கரைச் சாலையில் கேட்டால் பாதிப் பேர் சுற்றுலா வந்தவர்கள். பாகூர் வயலில் வேலை செய்பவரும், காரைக்கால் மீனவரும், மாஹேயில் இருப்பவரும், ஏனாமில் இருப்பவரும் உங்கள் நூறு பேரில் வரவே மாட்டார்கள். ஆயிரம் பேரைக் கேட்டாலும், பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் இந்தக் குறை தீராது. தவறான இடத்தில் நின்றால், கூட்டம் கூடக் கூடத் தவறும் உறுதியாகும்.

அமெரிக்காவில் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். 1936 அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டும் லேண்டனும் போட்டியிட்டார்கள். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பிரபல வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை எண்ணிப் பார்த்து லேண்டன்தான் ஜெயிப்பார் என்று அறிவித்தது. நடந்தது என்ன? அன்றைய 48 மாநிலங்களில் 46-ல் ரூஸ்வெல்ட் வென்றார்! காரணம் பட்டியல். டெலிபோன் டைரக்டரி, கார் வைத்திருப்போர் பதிவேடு போன்றவற்றிலிருந்துதான் முகவரிகளை எடுத்திருந்தார்கள். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? வசதியானவர்கள். அதிலும், சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்ப ஆர்வம் இருந்தவர்கள் மட்டுமே பதில் போட்டார்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் மிகக் குறைவான பேரிடம், ஆனால் பலதரப்பட்டவர்களிடம் கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். லிட்டரரி டைஜஸ்ட் 1938-ல் நின்று போனது.

இன்றைய வெப்சைட் பெட்டி, அன்றைய அந்தத் தபால் சீட்டின் தம்பிதான். கம்ப்யூட்டர் இருப்பவர், அந்தத் தளத்துக்கு வருபவர், அந்தக் கட்சி மேல் கோபமோ பாசமோ உள்ளவர் மட்டும்தான் கிளிக் செய்கிறார். மற்றவர்கள் பக்கத்தை மூடிவிட்டுப் போகிறார்கள்.

கம்ப்யூட்டர் மேல் குறை இல்லை. 1952-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி, யூனிவாக் என்ற கம்ப்யூட்டரைத் தேர்தல் இரவில் பயன்படுத்தியது. எண்ணப்பட்ட சிறு அளவு ஓட்டுகளை வைத்தே ஐசனோவர் மிகப் பெரிய வெற்றி பெறுவார் என்று அது கணக்குச் சொன்னது. டிவிக்காரர்களே அதை நம்பாமல் உடனே சொல்லத் தயங்கினார்கள். கடைசியில் யூனிவாக் சொன்னதுதான் நடந்தது. அதற்குக் கொடுக்கப்பட்டது கிளிக் அல்ல, உண்மையாக எண்ணப்பட்ட ஓட்டு. நாம் சரியானதைக் கொடுத்தால்தான் கம்ப்யூட்டர் சரியானதைத் தரும்.

நீங்களே செய்து பாருங்கள்

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். நியாயமான கருத்துக்கணிப்பின் தத்துவமும் அதுதான். ஆனால் எவ்வளவு பதம்? உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

புதிய பக்கத்தைத் திறந்து, ஏ1 செல்லில் ‘ராண்ட்பிட்வீன்’ என்ற ஃபங்ஷனை 1, 100 என்ற எண்களோடு கொடுங்கள். அந்தச் செல்லில் 1 முதல் 100 வரை ஏதோ ஒரு எண் வரும். அதை அப்படியே ஏ1000 வரை காப்பி செய்யுங்கள். இப்போது உங்களிடம் ஆயிரம் ‘வாக்காளர்கள்’. 52 அல்லது அதற்குக் குறைவான எண் வந்தவர்கள் முதல் கட்சிக்காரர்கள், மற்றவர்கள் இரண்டாம் கட்சி. ‘கவுண்ட்இஃப்’ ஃபங்ஷன் மூலம் முதல் கட்சிக்கு எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு எஃப்9 கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலும் ஒரு புதுக் கருத்துக்கணிப்பு.

முதல் கட்சியின் உண்மையான பலம் 52 சதவீதம் என்று நமக்குத் தெரியும். நாம்தானே வைத்தோம்! ஆனாலும் எண்ணிக்கை ஒரு முறை 531, ஒரு முறை 508, ஒரு முறை 497 என்று ஆடும். பெரும்பாலும் 490-க்கும் 550-க்கும் நடுவே நிற்கும். இதைத்தான் ‘மூன்று சதவீதம் கூடலாம், குறையலாம்’ என்று கணிப்பாளர்கள் சொல்கிறார்கள். சுமார் பத்துக்கு ஒரு முறை 500-க்குக் கீழே போய், தோற்கும் கட்சியையே வெற்றி பெற்றதாகக் காட்டும். இத்தனைக்கும் இதில் பொய் சொல்பவர் இல்லை, பதில் தர மறுப்பவர் இல்லை, பாரபட்சம் இல்லை.

இதையே 50 செல்களோடு செய்து பாருங்கள். 26 வர வேண்டிய இடத்தில் 19-ம் வரும், 33-ம் வரும். சின்ன கணிப்பின் லட்சணம் அவ்வளவுதான்.

ஓட்டு வேறு, சீட்டு வேறு

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் கேட்பது ‘எத்தனை சதவீதம்’ என்று அல்ல, ‘எத்தனை சீட்’ என்று. புதுச்சேரி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 30 பேர். புதுச்சேரி பகுதியில் 23, காரைக்காலில் 5, மாஹே, ஏனாமில் தலா ஒன்று. மொத்த வாக்காளர்கள் பத்து லட்சம் அளவில்தான். அதாவது தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு நிறுவனம் மாநிலம் முழுக்க ஆயிரம் பேரிடம் கேட்டால் தொகுதிக்கு 33 பேர். எக்செல்லில் 50 பேரே எப்படி ஆடினார்கள் என்று பார்த்தோம். 33 பேரை வைத்து எந்தத் தொகுதியின் முடிவைச் சொல்ல முடியும்?

2021-ல் ஏனாமில் என்ன நடந்தது என்று பாருங்கள். முதல்வர் வேட்பாளராகக் களத்தில் இருந்த என்.ரங்கசாமி அங்கே ஒரு சுயேச்சையிடம் 655 ஓட்டில் தோற்றார். தட்டாஞ்சாவடியில் வென்றதால்தான் சட்டமன்றத்துக்குள் வந்தார். அந்தத் தேர்தலில் மொத்தம் ஆறு சுயேச்சைகள் ஜெயித்தார்கள். நான்கு கட்சிப் பெயர்களை மட்டும் போட்டு ‘கிளிக் செய்யுங்கள்’ என்ற பெட்டியில் அந்த ஆறு பேரும் எங்கே இருந்திருப்பார்கள்?

நாடு முழுவதற்கும் இதே கதைதான். 2004 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிதான் முன்னிலை என்றன. காங்கிரஸ் 145, பாஜக 138 இடங்கள் பெற்று ஆட்சி மாறியது. 2024-ல் பல எக்சிட் போல்கள் அதே கூட்டணிக்கு 350-க்கும் மேல் என்றன. கிடைத்தது 293. ஒரு முறை ஒரு பக்கம், மறுமுறை இன்னொரு பக்கம் என்று இல்லாமல் பலரும் சேர்ந்து ஒரே பக்கம் தவறினால், குறை எஃப்9 ஆட்டத்தில் இல்லை. பட்டியலிலோ, பதில் வாங்கிய விதத்திலோ, ஓட்டைச் சீட்டாக மாற்றிய கணக்கிலோதான் குறை.

கீழூரில் 178 பேர்

பட்டியல், பட்டியல் என்று சொல்கிறேனே, அதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. வில்லியனூருக்கு அப்பால் கீழூரில் ஒரு நினைவிடம் இருக்கிறது. பிள்ளைகளோடு ஒரு முறை போய்ப் பாருங்கள். 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு சேர வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கேதான் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது.

வெறும் 178 பேர்! இன்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பில்கூட அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவு ஒரு நாட்டின் எல்லையை மாற்றியது. ஏன்? அந்த 178 பேரும் பிரதிநிதி சபைக்கும் நகரசபைகளுக்கும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். யார் வாக்களிக்கலாம் என்பது கேள்விக்கு முன்பே தீர்மானமாகியிருந்தது. மக்களிடமே நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்று வாதாடலாம். வங்காளத்தில் இருந்த சந்தன்நகரில் 1949 ஜூனில் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் பட்டியல் இருந்தது, அதனால் எண்ணிக்கைக்கு மதிப்பும் இருந்தது.

‘அப்படியானால் இன்டர்நெட்டில் ஓட்டே போட முடியாதா?’ என்று கேட்பீர்கள். முடியும். அதற்கும் புதுச்சேரியே உதாரணம். இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் சில ஆயிரம் இருக்கின்றன. 2012-ல் நடந்த பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில், வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் கம்ப்யூட்டர் மூலமே வாக்களிக்க வழி செய்தார்கள். 2017-ல் இணையத் தாக்குதல் பயத்தால் அதை நிறுத்தினார்கள். 2022-லும் 2024-லும் மீண்டும் அனுமதித்தார்கள். ஆனால் அது பக்கத்து ஓரத்துப் பெட்டி அல்ல. தூதரகத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பதிவு செய்த மின்னஞ்சலுக்கும் கைப்பேசிக்கும் ரகசிய எண்கள் வரும். அதைக் கொடுத்தால்தான் உள்ளே போகலாம், அதுவும் ஒரே முறைதான். இத்தனை பூட்டுப் போட்ட பிறகும், அதிபர் தேர்தலுக்கு இன்டர்நெட் ஓட்டு கிடையாது. மவுஸை நம்புவதில் அவர்களுக்கே இவ்வளவு தயக்கம்!

பெட்டி உங்களைக் கேட்கிறதா, எடுக்கிறதா?

இன்னொரு எச்சரிக்கை. சில கருத்துக்கணிப்புகள் ஓட்டுக்கு முன் உங்கள் மொபைல் எண், தொகுதி, வயது, ஃபேஸ்புக் கணக்கு எல்லாம் கேட்கும். அங்கே உங்கள் கருத்தைவிட உங்கள் விவரம்தான் அவர்களுக்கு முக்கியம்.

2018-ல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் நினைவிருக்கலாம். ‘உங்கள் குணம் எப்படி?’ என்பது போன்ற ஒரு வினாடி வினா ஆப் மூலம் ஃபேஸ்புக் விவரங்கள் திரட்டப்பட்டு, அரசியல் பிரச்சார நிறுவனத்துக்குப் போயின. ஃபேஸ்புக் தந்த கணக்குப்படி, இந்தியாவில் அந்த ஆப்பை நிறுவியவர்கள் 335 பேர்தான். ஆனால் அவர்களின் நண்பர்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர்! விளையாட்டாகச் செய்யும் ஒரு கிளிக் எத்தனை வீட்டுக் கதவைத் திறக்கிறது பாருங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவுப்படி, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்துக்குள் எக்சிட் போல் நடத்துவதும், எந்த வழியிலும் பரப்புவதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ‘எந்த வழியிலும்’ என்றால் வாட்ஸ்அப் ஃபார்வர்டும் அடக்கம். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மின்னணு ஊடகங்களில் கருத்துக்கணிப்பு வெளியிடவும் தடை உண்டு.

கடைசியாக ஒரு கிளிக்

கருத்துக்கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மட்டும் தெரிந்தால் போதாது. ஒழுங்காக எடுப்பவர்களும் இருக்கிறார்கள். டெல்லியில் சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தின் லோக்நிதி குழு, வாக்காளர் பட்டியலிலிருந்தே குறிப்பிட்ட இடைவெளியில் பெயர்களைத் தேர்ந்தெடுத்து, வீடு தேடிப் போய்க் கேட்கிறது. அடுத்த முறை ஒரு கணிப்பைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யாரிடம் கேட்டார்கள்? எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? கேள்வியின் சரியான வாசகம் என்ன? இந்த மூன்றுக்கும் பதில் தராத கணிப்பை ஜோசியப் பக்கத்தோடு சேர்த்துப் படியுங்கள், தப்பில்லை.

லோக்நிதி செய்வதில் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. அவர்களும் வாக்காளர் பட்டியலிலிருந்துதான் பெயர் எடுக்கிறார்கள். பட்டியலில் இல்லாத நான் வாக்குச்சாவடியிலும் இல்லை, நல்ல கணிப்பிலும் இல்லை. எனக்குக் கருத்து இருந்தது. அதைக் கேட்க ஆள் இல்லை.

அதனால் இன்று இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை வெப்சைட்டைத் திறந்து, அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் பெயரையும் பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6. வீடு மாறியிருந்தாலோ, விவரம் தவறாக இருந்தாலோ படிவம் 8. இரண்டையும் கம்ப்யூட்டரிலேயே நிரப்பலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 18 வயது முடிந்த பிள்ளைகள் ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு தகுதித் தேதிகள் உண்டு. 2025 நவம்பரில் புதுச்சேரியிலும் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தும் பணி தொடங்கியது. அதனால் ‘போன தேர்தலில் இருந்ததே’ என்று சும்மா இருக்காதீர்கள்.

நான் 2021 மே மாதமே படிவத்தை நிரப்பினேன். மொத்தம் கால் மணி நேரம்தான் ஆனது. அந்த மார்ச்சில் வண்ணப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கலாம்.

2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் ரெட்டியார்பாளையம் வாக்குச்சாவடியில் மீண்டும் நின்றேன். அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டினார். இந்த முறை விரல் ஓர் இடத்தில் நின்றது. என் பெயரைச் சத்தமாகப் படித்தார். அந்தச் சத்தத்தில் கிடைத்த திருப்தியை எந்த வெப்சைட்டும் எனக்குத் தந்ததில்லை.